தண்ணீரில் வேலை செய்வது யார்? ஞானஸ்நானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அப்போது அவனுக்கு 27 வயது. ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, பெரியம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். பரம்பரை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பிறந்த மூன்றாவது மாதமே அவனை வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது. அதற்கான சர்ட்டிபிகேட் இன்றும் அவருடைய பைபிளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

"அப்போ மூணு மாசத்துல உனக்கு நாங்க கொடுத்தது என்னடா?"

"அது நீங்க எடுத்த முடிவும்மா. இது நானே எடுத்தது."

"நானும் எடுக்கல, நீயும் எடுக்கல. ஆண்டவர் கொடுத்ததுடா அது."

தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ஆனால் பெரியம்மாவுக்குத் தெரியாமலேயே அவர் வாயிலிருந்து இந்த விஷயத்தின் மையம் வந்து விழுந்துவிட்டது. இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியமா என்று நேரடியாகக் கேட்டால், ஒவ்வொரு சபையும் ஆளுக்கொரு வசனத்தை நீட்டும். கேட்டவருக்குத் தலை சுற்றும். அந்தத் தண்ணீரில் வேலை செய்வது யார், கடவுளா மனிதனா என்று கேட்டால், யார் எதற்காக எதைச் சொல்கிறார்கள் என்பது மெல்லப் பிடிபடும்.

இரட்சிப்பு என்ற சொல்லே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: பாவத்திலிருந்தும் அது கொண்டுவரும் அழிவிலிருந்தும் மனிதனைக் கடவுள் இயேசு கிறிஸ்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் மீட்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அதைத்தான் இரட்சிப்பு என்கிறார்கள். கத்தோலிக்கர் மீட்பு என்பார்கள்.

சரி, சொல்லிலிருந்து தொடங்கலாம். புராட்டஸ்டண்டு சபைகளில் ஞானஸ்நானம், கத்தோலிக்கரிடம் இப்போது திருமுழுக்கு. பழைய தலைமுறைக் கத்தோலிக்கர்களும் ஞானஸ்நானம் என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கான வினைச்சொல் 'பாப்டிஸோ'. முக்குவது, அமிழ்த்துவது என்று பொருள். கப்பல் மூழ்குவதற்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். திருமுழுக்கு என்ற சொல் இந்த மூலப் பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறது. ஞானஸ்நானம் ஒரு படி மேலே போய், இது அழுக்குப் போகக் குளிப்பதல்ல, உள்ளே நடக்கும் குளியல் என்று விளக்கமும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஸ்நானம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மகாமகமும் ஆடி அமாவாசையும். அங்கேதான் புதிதாகக் கேட்பவர்கள் சறுக்குகிறார்கள். தீர்த்தமாடுவது எத்தனை முறையும் நடக்கலாம். நாமே இறங்கி நாமே முழுகி எழலாம். ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரு முறைதான். அதைவிட முக்கியம், தனக்குத்தானே யாரும் கொடுத்துக்கொள்ள முடியாது. யூதர்களிடமும் தூய்மைக் குளியல் உண்டு. அதில் ஆள் தானாகத்தான் முழுகி எழுவார். யோர்தான் நதிக்கரையில் ஒருவர் நின்றுகொண்டு மற்றவர்களை முழுக்கியது அந்தக் காலத்தில் கண்ணுக்குப் பட்ட விஷயமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்த மனிதருக்கு அதுவே பேரோடு ஒட்டிக்கொண்டது: யோவான்ஸ்நானன், திருமுழுக்கு யோவான்.

விதிவிலக்காக ஒருவர் உண்டு. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலப் போதகர், எந்தச் சபையின் ஞானஸ்நானமும் சரியில்லை என்று முடிவுகட்டித் தானே தனக்குக் கொடுத்துக்கொண்டார். பாப்டிஸ்ட் சபைகளின் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் அவருக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது என்பது வேறு கதை.

நம் பேச்சிலும் இந்த முடிச்சு இருக்கிறது. 'ஞானஸ்நானம் எடுத்தாச்சா?' என்று கேட்கிறோம். தமிழ் பைபிளோ 'பெற்றான்' என்கிறது, 'கொடுத்தான்' என்கிறது. எடுப்பவன் ஒருவன், கொடுப்பவர் ஒருவர். பெரியம்மாவும் மகனும் நின்றது இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில்தான்.

தம்பி எடுத்த சபைக்கு நான் பிறகு ஒரு முறை இன்னொருவரின் ஞானஸ்நானத்துக்காகப் போயிருந்தேன். மேடையின் ஒரு பாதிப் பலகைகளைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கீழே நீல டைல்ஸ் ஒட்டிய தொட்டி, இறங்க ஐந்தாறு படி, இடுப்பளவுத் தண்ணீர். முந்தின ராத்திரியே மோட்டார் போட்டு நிரப்பியிருப்பார்கள் போல, தண்ணீர் சில்லென்று இருந்தது. முதல் படியில் கால் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி தோளைக் குறுக்கினார்கள். வெள்ளை உடை. பெண்களுக்கு, நனைந்தாலும் உடம்பில் ஒட்டாத தடித்த துணியில் தைத்த நீள அங்கி. பாஸ்டர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "இயேசு கிறிஸ்துவை உங்கள் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். "ஆமென்." கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைக்கச் சொல்கிறார். ஒரு கை பிடரியில், ஒரு கை அந்தக் கைகளின் மேல். "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உமக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." பின்பக்கமாகச் சாய்த்து முழுசாக அமிழ்த்தி உடனே தூக்குகிறார். சிலருக்கு மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வரும். ஒரு பெரியவரை அமிழ்த்தியபோது முழங்கால் மேலே எழும்பிவிட்டது; கரையில் நின்ற மூப்பர் அதைப் பார்த்துவிட்டுத் தலையசைக்க, இன்னொரு முறை அமிழ்த்தினார்கள்.

ஏன் பின்பக்கமாக? யாரையும் குப்புறப் புதைப்பதில்லையே. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம், 6-ஆம் அதிகாரத்தில், ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடுகூட அடக்கம்பண்ணப்பட்டோம், அவர் எழுந்ததுபோல நாமும் புது வாழ்வில் நடக்கவே அப்படி என்கிறார். தொட்டி ஒரு கல்லறை. தண்ணீருக்கடியில் இருக்கும் அந்த அரை நொடி, பழைய ஆள் செத்துப் புதைக்கப்படும் நேரம். நான்காம் நூற்றாண்டில், எருசலேம் ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் போதனைகளில் இதை இன்னும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்: அந்தத் தண்ணீரே உங்களுக்குக் கல்லறை, அதுவே தாயும். மரணமும் பிறப்பும் ஒரே தொட்டியில்.

சி.எஸ்.ஐ. கோயிலிலோ கத்தோலிக்கக் கோயிலிலோ காட்சி வேறு. அங்கே நிற்பது சின்னக் கல்தொட்டி. ஐயர், அதாவது குருவானவர், குழந்தையை இடது கையில் ஏந்தி, உள்ளங்கைத் தண்ணீரை மூன்று முறை தலையில் ஊற்றுவார். குழந்தைக்காக விசுவாச அறிக்கை சொல்பவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். கத்தோலிக்கரிடம் கூடவே எண்ணெய் பூசுதல், வெள்ளைத் துணி, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு. தண்ணீரின் அளவைப் பார்த்து 'முழுக்கு', 'தெளிப்பு' என்று பிரித்துச் சண்டை போடுவது நம் ஊரில் அதிகம். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். 'டிடாக்கே' என்று ஒரு பழைய கையேடு இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் அதன் பிரதி கிடைத்தது. ஓடும் தண்ணீரில் கொடுங்கள். அது இல்லையென்றால் வேறு தண்ணீர். குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர். இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்று வீட்டுக் குறிப்பு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். முழுக்குதான் அவர்களுக்கு முதல் தெரிவு. ஆனால் ஊற்றியதைச் செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை.

இனி வசனங்கள்

இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியம் என்பவர்கள் முதலில் திறப்பது யோவான் சுவிசேஷம் 3-ஆம் அதிகாரம். நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் ராத்திரியில் இயேசுவைப் பார்க்க வருகிறார். ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாத ஒருவன் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான் என்கிறார் இயேசு. அடுத்தது அப்போஸ்தலர் 2:38. பரிசுத்த ஆவி சீஷர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு நெஞ்சில் குத்தப்பட்டவர்கள் 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்கிறார்கள். மனந்திரும்புங்கள், பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறுங்கள் என்று பதில். அன்றைக்குச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 3000 பேர். பேதுருவின் முதல் நிருபம் 3:21 இன்னும் வெளிப்படை: ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்றே அங்கே எழுதியிருக்கிறது. உடம்பின் அழுக்கைப் போக்குவதாக அல்ல என்ற எச்சரிக்கையையும் அதே மூச்சில் சேர்த்திருக்கிறார்கள்.

இல்லை என்பவர்கள் காட்டுவது இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனை. அவனுக்கு எந்தத் தொட்டி, எந்த நதி? 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று வாக்கு வாங்கிவிட்டான். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஞானஸ்நானம் கொடுக்க அல்ல, சுவிசேஷம் சொல்லவே கிறிஸ்து என்னை அனுப்பினார் என்கிறார். எபேசியர் 2:8-இல் இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு. தண்ணீர் பற்றி அங்கே பேச்சே இல்லை.

மாற்கு 16:16-ஐ இரண்டு பக்கமும் இழுப்பார்கள். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்பது முதல் பாதி. இரண்டாம் பாதியில், விசுவாசியாதவன் தண்டிக்கப்படுவான் என்று மட்டும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை. அவரவருக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளான சினாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் மாற்கு 16:8-உடன் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒரு வசனத்தின்மேல் மட்டும் வீடு கட்ட நான் தயங்குவேன்.

எனக்குப் பிடித்தது இரண்டு பக்கத்துக்கும் முழுசாக வசப்படாத ஒரு கதை: அப்போஸ்தலர் 10. கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனின் வீடு. பேதுரு பேசி முடிப்பதற்குள்ளேயே கேட்டவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறார். தண்ணீருக்கு முன்பே ஆவி வந்தாயிற்று. இதோடு விட்டிருந்தால் தண்ணீர் தேவையில்லை என்று முடித்திருக்கலாம். பேதுரு அப்படிச் சொல்லவில்லை. இவர்கள் ஞானஸ்நானம் பெறாதபடி யாராவது தண்ணீரை விலக்கலாமா என்று கேட்டு, உடனே கொடுக்கச் சொல்கிறார். தண்ணீரில்லாமல் கடவுளால் முடியாது என்ற வாதமும் அங்கே உடைகிறது; கடவுள்தான் செய்துவிட்டாரே, தண்ணீர் எதற்கு என்ற வாதமும் உடைகிறது.

அப்போஸ்தலர் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தால் ஒன்று கண்ணில் படும். அங்கே விசுவாசத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடைவெளியே இல்லை. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகிற வழியில் தண்ணீரைப் பார்க்கிறார், 'தடையென்ன?' என்கிறார், இறங்குகிறார். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில், பவுலின் காயங்களைக் கழுவிய கையோடு, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறான். 'விசுவாசி, ஆனால் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை' என்று ஓர் ஆளை அவர்களுக்கு யோசித்துப் பார்க்கவே தெரிந்திருக்காது. கள்வனை விட்டால், நாம் இன்று கேட்கும் கேள்விக்கு அங்கே இடம் மிகக் குறைவு. இடைவெளி பிறகு வந்தது. கேள்வியும் கூடவே வந்தது.

இடைவெளி விழுந்த கதை

அடுத்த சில நூற்றாண்டுகளில் ஞானஸ்நானத்துக்குமுன் நீண்ட ஆயத்தம் வழக்கமாயிற்று. சில இடங்களில் மூன்று வருடம் வரை. அந்த நாட்களில் ரோம அரசு துன்புறுத்தியபோது, ஆயத்தத்தில் இருந்தவர்கள் சிலரும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் காணாமல் செத்த அவர்கள் கதி என்ன? அவர்கள் சிந்திய இரத்தமே அவர்களுக்கு ஞானஸ்நானம் என்று திருச்சபை சொல்லிவிட்டது.

அப்புறம் எதிர்த்திசையில் ஒரு பழக்கம் வந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரிய பாவம் செய்தால் மன்னிப்புக்கு வழி மிகக் கடினம் என்ற பயத்தில் பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறிஸ்தவர்களுக்கு அத்தனை ஆதரவு கொடுத்தும், 337-இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். 374-இல் மிலான் நகர மக்கள் ஆயராகத் தேர்ந்தெடுத்த அம்புரோஸ் அப்போது ஞானஸ்நானமே பெற்றிருக்கவில்லை. அவசர அவசரமாகக் கொடுத்துவிட்டுத்தான் ஆயராக்கினார்கள்.

அதே அம்புரோஸ் 392-இல் ஒரு இழவில் நிற்க வேண்டியிருந்தது. இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டீனியன், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும்படி அம்புரோஸை அழைத்திருந்தார். அவர் போய்ச் சேருமுன் இறந்துபோனார். சகோதரிகளுக்கு ஒரே அழுகை, தண்ணீர் படாமல் போய்விட்டாரே என்று. அம்புரோஸ் இரங்கல் உரையில் அவர்களிடம் சொன்னதன் சாரம் இது: அவர் ஆசைப்பட்டார், கேட்டார், கேட்டது கிடைக்காமல் போகாது. இதையே பின்னாளில் 'விருப்பத் திருமுழுக்கு' என்றார்கள்.

ஞானஸ்நானம் மீட்புக்கு அவசியம் என்று இன்றும் உறுதியாகச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபை இந்த வழியில்தான் நடக்கிறது. 1992-இல் வந்த அதன் மறைக்கல்வி நூல், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களால் (திருமுழுக்கு போன்ற திருச்சடங்குகளால்) கட்டுண்டவரல்லர் என்கிறது. அவசியம் என்ற கயிறு கட்டியிருப்பது நம்மை, கடவுளை அல்ல.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் விஷயத்தில்தான் இந்தக் கயிறு ரொம்பக் காலம் இறுக்கிப் பிடித்தது. துன்பமும் இல்லாத, மோட்சமும் அல்லாத 'லிம்போ' என்ற ஓர் இடத்துக்கு அவை போகும் என்று நூற்றாண்டுக் கணக்கில் கற்பித்தார்கள். எத்தனை தாய்மார்கள் அதை நினைத்துத் தூங்காமல் கிடந்திருப்பார்கள்! 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பிக்கை வைக்கத் தகுந்த காரணங்கள் உண்டு என்று அறிக்கை தந்தது. அவசரத்தில் யாரும் கொடுக்கலாம் என்ற விதி பழையது: சாகக் கிடக்கும் குழந்தைக்கு நர்ஸ் கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி வாசகத்தைச் சொன்னால் செல்லும்.

கிறிஸ்தவரல்லாதவர் கொடுத்தால்கூடச் செல்லும் என்பது விநோதமாகத் தோன்றலாம். வேலை செய்வது யார் என்ற கேள்வியை இங்கே வைத்தால் விநோதம் போய்விடும். துன்புறுத்தலின்போது விசுவாசத்தில் சறுக்கிய ஆயர்களின் கையால் நடப்பது எதுவும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் டோனாட்டிஸ்டுகள் கிளம்பியபோது, அங்கே ஆயராக இருந்த அகஸ்டீன் சொன்ன பதில்: பேதுரு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார், யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார். கொடுக்கும் கை குழாய் மாதிரி. தண்ணீர் குழாயுடையது அல்லவே.

இந்தத் தர்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு குருவானவர் பல வருடங்களாக 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள்' என்று சொல்லிவந்தார். அப்படிச் சொன்னால் செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது. அவர் கொடுத்தவை ஆயிரக்கணக்கில் கேள்விக்குள்ளாயின. ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். வத்திக்கானின் காரணம் இதுதான்: அங்கே 'நான்' என்று பேசுவது குருவோ கூடியிருக்கும் மக்களோ அல்ல, கிறிஸ்து.

வேலை செய்வது கடவுள் என்றால், குழந்தைக்குக் கொடுப்பதில் என்ன தடை? குழந்தைக்கு விவரம் தெரியாது என்பது ஒரு குறையே அல்ல; பிறக்கும்போதும் யாரும் விவரம் தெரிந்து பிறப்பதில்லை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், சி.எஸ்.ஐ. எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்தப் பக்கம். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், வெறும் தண்ணீர் இதைச் செய்வதில்லை, தண்ணீரோடு சேர்ந்த தேவ வசனமும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமுமே செய்கின்றன என்கிறார். வளர்ந்தபின் தன் வாயால் அறிக்கை செய்ய சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல், கத்தோலிக்கரிடம் உறுதிபூசுதல். பெரியம்மாவின் கணக்கு இதுதான்.

தம்பியின் கணக்கு வேறு. அதற்கும் பெரிய விலை கொடுத்தவர்கள் உண்டு. 1525 ஜனவரி 21, சூரிச் நகரம். பெலிக்ஸ் மான்ஸ் என்பவரின் வீட்டில் கூடிய சிலர், குழந்தையில் பெற்றதை ஞானஸ்நானமாக எண்ண முடியாது என்று, விசுவாசத்தை அறிக்கையிட்டு மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். நகர சபை அதற்கு மரண தண்டனை விதித்தது. எப்படி? தண்ணீரில் அமிழ்த்தி. 1527 ஜனவரி 5 அன்று மான்ஸைக் கைகட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தண்ணீரில்தானே உனக்கு ஆசை என்ற குரூரமான கிண்டல் அந்தத் தண்டனைக்குள் இருந்தது.

மான்ஸ் வழியில் வந்தவர்கள், பிறகு பாப்டிஸ்டுகள், பிரதரன், பெந்தெகொஸ்தே சபையார் பலரும் சொல்வது: இரட்சிப்பு விசுவாசித்த நொடியிலேயே நடந்துவிட்டது; ஞானஸ்நானம் அதன் பகிரங்க சாட்சி, கட்டளைக்குக் கீழ்ப்படிதல். கல்யாணத்தைத் தாலி உண்டாக்குகிறதா, உறுதிப்படுத்துகிறதா என்று கேட்பது மாதிரி. அவசியமா என்றால், இரட்சிக்கப்படுவதற்கு அல்ல, இரட்சிக்கப்பட்டவனுக்கு அவசியம் என்பார்கள். அப்படிச் சொல்லும் சபைகளில்தான் ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் பெரும்பாலும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவசியமில்லை என்று லேசாக விட்டுவிட்டவர்கள் அல்ல அவர்கள்.

விசுவாசமும் முழுக்கும் சேர்ந்தால்தான் பாவமன்னிப்பு என்று அப்போஸ்தலர் 2:38-ஐ அப்படியே பிடித்துக்கொள்கிறவர்கள் கிறிஸ்துவின் சபையார். 'இயேசுவின் நாமத்தில்' மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிற பெந்தெகொஸ்தே பிரிவும் உண்டு. எல்லாவற்றுக்கும் மறுகோடியில் இரட்சணிய சேனை: 1883-இலிருந்து தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர்களோடு பழகியவர்கள் யாரும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் அல்ல என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

நம் கரையில்

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்ச்சுகீசியர் பாதுகாப்புக் கொடுத்ததை ஒட்டி ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் மொழியில் சொல்ல ஆளில்லை என்று எழுதுகிறார். ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் ஆக்கச் சொல்லி, மணியை ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-இல் எழுதிய கடிதமும் அவருடையதுதான். தண்ணீர் முதலில், போதனை பிறகு. நியாயமா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அந்த ஊர்களின் விசுவாசம் நிலைத்து நிற்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதற்கு நேர்மாறு தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயிடம் விசுவாசம் பற்றிக் கேட்டறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம். மனசுக்குள் நம்பிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் பட்டபின் மறைக்க ஒன்றுமில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த வெளிப்படைத்தன்மைக்கு இன்றும் விலை இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த புதுச்சேரி வழக்கு ஒன்றில், குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து ஆலயத்துக்கும் போய்வந்தவர் இந்துவாகச் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. இயேசுவை நம்பிக் கும்பிட்டும் ஞானஸ்நானம் பெறாதவர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். குடும்பம், கல்யாணம், வேலை, சான்றிதழ் எனக் காரணங்கள் பல. 'ஞானஸ்நானம் அவசியமா பாஸ்டர்?' என்று அவர்கள் கேட்கும்போது அது இறையியல் வகுப்புக் கேள்வி அல்ல. பதில் சொல்பவர் இதைத் தெரிந்து பேச வேண்டும் என்பது என் எண்ணம். விலையைத் தான் கொடுக்காமல், கொடுக்கப்போகிறவரிடம் வசனத்தை மட்டும் நீட்டுவது சுலபம்.

நடைமுறைக்கு வந்தால், ஞானஸ்நானம் பெற விரும்புகிற பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலான சபைகளில் முதலில் வகுப்பு இருக்கும். சில வாரம், சில இடத்தில் சில மாதம். தண்ணீரும், 'பிதா குமாரன் பரிசுத்த ஆவி' என்ற திரித்துவ வாசகமும் இருந்தால் ஒரு சபையில் பெற்றதை மற்றச் சபைகளும் ஏற்பது பொதுவான வழக்கம், கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் மறுபடி கொடுப்பதில்லை. குழந்தையில் பெற்றதை எண்ணாத சபைகள் மட்டும், இது இரண்டாவது அல்ல, முதலாவதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். 1982-இல் பெரு நாட்டு லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து ஓர் ஆவணம் எழுதினார்கள். ஞானஸ்நானம் கடவுளின் கொடை, அந்தக் கொடைக்கு நம் மனிதப் பதிலும்கூட என்று அதில் இருக்கிறது. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே வரியில்.

தம்பிக்குப் போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. அவன் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பிரதிஷ்டைதான். பெரியம்மாவும் கோயம்புத்தூர் போயிருந்தார். பாஸ்டர் குழந்தையை வாங்கி இரண்டு கையிலும் ஏந்தி, தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, ரொம்ப நேரம் ஜெபித்தார். பெற்றோரிடம் வாக்கு வாங்கினார். சபை முழுக்க எழுந்து நின்றது. திரும்பி வரும்போது காரில் பெரியம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் நம்ம கோயில் மாதிரிதான். தண்ணி மட்டும்தான் பாக்கி."

"அத அவளே வந்து கேக்கட்டும்மா," என்றான் தம்பி.